பக்கத்து வீட்டுக்கு வந்தவன்

எனக்கு விடுப்புக் கேட்பதென்றால், அதாவது ஊர் வம்பு கேட்பதென்றால், உயிர். இதை மறைத்து ஆகப்போவது ஒன்றுமில்லை. டொரொண்டோவில், ஸ்காபரோவின் வெக்ஸ்போர்ட்டில் எங்கள் தெருவில் யார் வீட்டுக் கூரை ஒழுகுகிறது, யார் வீட்டு பேஸ்மென்டுக்குப் புதிதாக யார் குடிவந்திருக்கிறார்கள் என்பதெல்லாம் தபால்காரருக்கு முன்பே எனக்குத் தெரிந்துவிடும். போதாததற்கு எங்கள் குசினி யன்னல் பக்கத்து வீட்டு வாசலை நேராகப் பார்க்கிறது. யன்னலை அந்த இடத்தில் வைத்தது நானில்லை, வீட்டைக் கட்டியவன். ஆகவே ஒரு வசந்தகாலக் காலையில் அந்த வாசலில் கார் ஒன்று வந்து நின்று, இராணுவச் சீருடையில் ஒரு பெண் இறங்கி, தொப்பியைச் சரிசெய்துகொண்டு அழைப்புமணியை அழுத்தியபோது, உரித்துக்கொண்டிருந்த வெங்காயத்தை அப்படியே போட்டுவிட்டேன்.

"மச்சாள், பக்கத்து வீட்டுக்கு ஆமி வந்து நிக்குது."

"வந்தா வரட்டும். யன்னலாலை எட்டிப் பாராதை. கண்டாங்கள் எண்டா இஞ்சையும் வருவாங்கள்."

மச்சாள் என் அண்ணனின் மனைவி. அண்ணன் ஊரிலேயே நோயில் போய்விட்டார். மச்சாள் விசிட்டர் விசாவில் வந்து, பிறகு அகதிக் கேஸ் போட்டு, எங்களோடேயே நின்றுவிட்டார். எழுபதைத் தாண்டியவர். கூடப் பிறந்தவர்கள் யாரும் கிடையாது. பெற்றது ஒரே ஒரு மகன். அவன் ஊரில் ஆமி நடத்திய கடைசிச் சண்டையில் காணாமல் போனவன். செத்துவிட்டான் என்று சொல்ல ஆளில்லை, இருக்கிறான் என்று சொல்லவும் ஆளில்லை. எங்கள் வீட்டில் அவனுடைய படத்துக்கு மாலை போடுவதில்லை, திவசம் செய்வதில்லை. யாராவது வந்தவர்கள் படத்தைப் பார்த்து "பாவம்" என்று சொல்லிவிட்டால் தொலைந்தார்கள். "அவனுக்கு என்ன பாவம்? வருவான்" என்று மச்சாள் சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளிவைத்துவிட்டு எழுந்துவிடுவார். இந்த உலகத்தில் அவருக்குத் தெரியவேண்டியது ஒன்றே ஒன்றுதான்: மகன் எங்கே?

சீருடைக்காரி போனதும் நான் குப்பைத் தொட்டியை உள்ளே எடுப்பதுபோல வெளியே போனேன். அன்று குப்பை எடுக்கும் நாள் இல்லை. பக்கத்து வீட்டு அம்மாவுக்கும் அது தெரியும். வாசலில் நின்று என்னைப் பார்த்துச் சிரித்தார். அவருக்கு எண்பது வயதுக்கு மேல். விதவை. பிள்ளைகள் இல்லை. நாங்கள் சென் ஜேம்ஸ் ரவுணின் உயரமான கட்டடத்தை விட்டு இந்த வீட்டுக்கு வந்த நாளில் ஆப்பிள் பை கொண்டுவந்து தந்த ஒரே ஆள் அவர்தான்.

"என் அண்ணனைக் கண்டுபிடித்துவிட்டார்களாம்" என்றார்.

எந்த அண்ணன்? இத்தனை வருடப் பக்கத்து வீட்டில் எனக்கே தெரியாத ஓர் அண்ணனா? எனக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது. வேலியில் சாய்ந்துகொண்டு முழுவதையும் கேட்டேன்.

கொரியப் போர் தொடங்கிய வருடம் அவருக்குப் பத்து வயது, அண்ணனுக்குப் பத்தொன்பது. கனடாவில் படைக்கு ஆள் எடுக்கும்வரை பொறுக்கமாட்டாமல் அண்ணன் பஸ் ஏறி எல்லை தாண்டிப் போய் அமெரிக்கப் படையில் சேர்ந்துவிட்டான். பனிக்காலத்தில் காணாமல் போனான். அதற்குப் பிறகு ஒரு சொல் இல்லை. இப்போது அமெரிக்கக்காரர் எலும்புகளை அடையாளம் கண்டு, எங்கே அடக்கம் செய்யலாம் என்று தங்கையிடம் கேட்டு ஆள் அனுப்பியிருக்கிறார்கள். கனடாப் படையில் சேர்ந்திருந்தால் அந்தக் கால வழக்கப்படி விழுந்த இடத்துக்குப் பக்கத்திலேயே புதைத்திருப்பார்களாம். சொல்வழி கேளாமல் எல்லை தாண்டிப் போனதால்தான் பொடியன் வீட்டுக்கு வரப்போகிறான்.

நான் உள்ளே ஓடி வந்து மச்சாளிடம் ஒரு மூச்சில் சொன்னேன். மச்சாள் பயற்றங்காய் முறித்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"ஆமிக்காரனைத்தானே கண்டுபிடிச்சவை" என்றார். கொஞ்சம் பொறுத்து, "அவன்தான் எண்டு எப்பிடித் தெரியுமாம்?"

அதை நான் கேட்க மறந்துவிட்டேன். மூக்கை நுழைத்ததும் போதாமல் அரைகுறையாக நுழைத்திருக்கிறேன் என்று என்மீதே எரிச்சலாக இருந்தது.

அன்று மாலை எங்கள் வீட்டில் பெரிய வழக்கு. பக்கத்து வீடு இப்போது செத்தவீடா, இல்லையா? செத்தவீட்டில் அடுப்பு மூட்டக்கூடாது, அயலவர்கள்தான் சாப்பாடு கொண்டுபோக வேண்டும் என்பது எங்கள் ஆட்களின் முறை.

"செத்து எழுபது வருசத்துக்கு மேலை. இப்ப போய் என்னெண்டு துக்கம் விசாரிக்கிறது?" என்றார் என் கணவர்.

"செய்தி இண்டைக்குத்தானே வந்தது. கேட்ட நாளிலையிருந்துதான் கணக்கு" என்று சொல்லிவிட்டு நான் சோறும், பருப்பும், மிளகாய் போடாத கத்தரிக்காய்க் கறியும் வைத்தேன். மீன் தொடவில்லை. கொண்டுபோனால் செத்தவீட்டுக்காரி அடுப்பில் பிஸ்கட் சுட்டுக்கொண்டிருக்கிறார். வீடு முழுக்கக் கறுவாப்பட்டை வாசம். இரண்டு பேரும் மாறிமாறிச் சாப்பாடு கொடுத்துக்கொண்டோம். அவர் அண்ணனைப் பற்றிக் கதைத்தார், அழுதார், பிறகு பிஸ்கட் கருகுகிறது என்று ஓடினார். அவர் அந்தப் பக்கம் திரும்பிய நேரம் நான் எழுந்து பேசாமல் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

ஐந்து நிமிடத்தில் போன் அடித்தது. "நான் ஏதும் பிழையாகச் சொல்லிவிட்டேனா? கோபமா?" பக்கத்து வீட்டு அம்மா அழுதுகொண்டே கேட்டார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பிறகுதான் பிடிபட்டது. செத்தவீட்டில் நாங்கள் போய்வருகிறேன் என்று சொல்வதில்லை. அந்த வீட்டுக்கு அப்படி ஒரு காரணத்துக்காகத் திரும்ப வரக்கூடாது என்பதால் சொல்லாமல் எழுந்து போவதுதான் மரியாதை. அந்த மரியாதையைச் செய்யப் போய் ஒரு கிழவியை அழவைத்துவிட்டேன். எல்லாவற்றையும் விளக்கிச் சொன்னேன்.

"அருமையான வழக்கம். ஆனால் முன்கூட்டிச் சொல்லிவிட்டுச் செய்திருக்கலாம்" என்றார்.

மச்சாளின் கேள்வியை அடுத்த நாள் கொண்டுபோனேன். அதிலிருந்து நான் ஒரு தூதுக்காரி. மச்சாள் வீட்டிலிருந்து கேள்வி அனுப்புவார், நான் பதில் கொண்டுவருவேன். தனக்கு அக்கறையே இல்லை என்பதுபோலத்தான் கேட்பார்.

அந்த அம்மா தடித்த புத்தகம் ஒன்றைக் காட்டினார். சீருடைக்காரி கொடுத்துவிட்டுப் போனது. ஒரு பக்கத்தில் மனித எலும்புக்கூட்டின் படம். கிடைத்த எலும்புகளுக்கு மட்டும் நிறம் தீட்டியிருந்தது. கிடைக்காதவை வெள்ளையாகவே இருந்தன. நிறையவே வெள்ளை. சண்டை முடிந்தபிறகு பெயர் தெரியாத எலும்புகளை எல்லாம் ஒரு தீவுக்குக் கொண்டுபோய், பெயரில்லாத கற்களுக்குக் கீழே புதைத்து வைத்திருந்தார்களாம். பிற்காலத்தில் ஒவ்வொன்றாகத் தோண்டி எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். படையில் சேர்ந்த அன்று காசநோய் இருக்கிறதா என்று பார்க்க அந்தப் பொடியனின் நெஞ்சை எக்ஸ்ரே எடுத்திருந்தார்கள். அந்தப் படம் எங்கேயோ ஓர் அலமாரியில் இருந்திருக்கிறது. நெஞ்சுப் படத்தில் காறை எலும்பு தெரியும், கழுத்துக்குக் கீழே தோளுக்குப் போகிற அந்த வளைந்த எலும்பு. அது ஒருவருக்கு இருப்பதுபோல இன்னொருவருக்கு இருக்காதாம். படத்தில் இருந்ததையும் மண்ணில் இருந்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறார்கள். அதற்கு மேல் உறுதிக்கு, சில வருடங்களுக்கு முன் தங்கையின் இரண்டு கன்னங்களின் உட்புறத்தையும் பஞ்சுக் குச்சியால் தேய்த்து எடுத்துக்கொண்டுபோய் ஒப்பிட்டிருக்கிறார்கள்.

நான் வீட்டுக்கு வந்து என் காறை எலும்பைத் தடவிப் பார்த்தேன். இவருடையதையும் தடவிப் பார்த்தேன். "என்ன, விசரே?" என்று பைத்தியத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். கனடாவுக்கு வந்த எங்களில் யாரை நெஞ்சு எக்ஸ்ரே எடுக்காமல் விட்டார்கள்? அப்போது மாட்டைச் சந்தையில் பார்ப்பதுபோலப் பார்க்கிறார்களே என்று எரிச்சல்பட்டேன். இப்போது யோசித்தால், நாங்கள் தொலைந்தாலும் எங்களைக் கண்டுபிடிக்கலாம்.

மச்சாள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத் தன் இடது தோளுக்குக் கீழே விரலை வைத்தார்.

"அவனுக்கு இது முறிஞ்சது. சைக்கிளாலை விழுந்தவன், ஒன்பது வயசிலை. பரியாரியிட்டைக் கொண்டு போனனான். பத்துப் போட்டுக் கட்டிவிட்டவர். படம் எடுக்கேல்லை."

"மச்சாள்…"

"ஒரு சின்ன மேடு இருக்கும். தடவினா எனக்குத் தெரியும்." சேலைத் தலைப்பை இழுத்து அந்த இடத்தை மூடிக்கொண்டார். "அந்த மனுசியிட்டை இன்னொண்டு கேள். துப்பல் எடுத்தவை எல்லே, அது தங்கச்சியின்ரைதான் வேணுமோ? தாய்மாற்றை சரிவருமோ?"

கேட்டேன். தாயினுடையது தங்கையினுடையதைவிடத் திறமாம். தாய் உயிரோடு இல்லாததால்தான் இவரிடம் எடுத்திருக்கிறார்கள். மாமி சரிவருமா என்று நானாகவே கேட்டுப் பார்த்தேன், நான் அவனுக்குத் தகப்பனின் தங்கை அல்லவா? அவர்கள் கேட்டது தாய்வழி மட்டும்தான் என்றார். எனக்கு முகம் விழுந்துவிட்டது. இத்தனை பாசம் வைத்து என்ன, என் துப்பலுக்கு ஒரு பெறுமதியும் இல்லை.

பிரேதம் வரும் நாளுக்கு முந்திய வாரம் அந்த அம்மாவுக்குப் புதிய கவலை. அண்ணனைத் தெரிந்த எவரும் உயிரோடு இல்லை. யார் வருவார்கள்? என் கணவருக்கு இது தாங்கமாட்டாத செய்தி. ஸ்காபரோவில் நடக்கும் செத்தவீடுகளில் பாதிக்கு அவர் போவார். ஆள் இல்லாத செத்தவீடு என்பதை அவரால் கற்பனை செய்யவே முடியாது. தமிழ் ரேடியோவில் அறிவித்தல் கொடுத்துவிட வேண்டும் என்று சாப்பாட்டு மேசையிலேயே வாய்விட்டு இயற்றத் தொடங்கினார்.

"டொரொண்டோவைப் பிறப்பிடமாகவும், கொரியாவையும் பின்னர் ஒரு தீவையும் வதிவிடமாகவும் கொண்ட…"

"நிப்பாட்டு!" மச்சாளின் சத்தத்தில் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "பேரில்லாமல் மண்ணுக்குள்ளை கிடந்ததை வதிவிடம் எண்டு சொல்லுவியே? அவன்ரை வதிவிடம் தாய் இருந்த வீடு. வேறை ஒண்டும் இல்லை."

ரேடியோ யோசனை அத்தோடு போயிற்று. ஆனால் மனிதர் சும்மா இருக்கவில்லை. டோர்செட் பார்க்கில் கூட்டாளிமார் கோப்பி குடிக்கிற இடத்தில் விஷயத்தைப் போட்டுவிட்டு வந்தார். எங்கள் ஆட்களுக்கு அது ரேடியோவைவிட வேகம்.

விமான நிலையத்துக்கு நானும் இவரும் போனோம். மச்சாள் வரவில்லை. "ஆமிக்காரனைக் கும்பிட என்னைக் கூப்பிடாதை" என்று கதவைச் சாத்திக்கொண்டார். அவரைக் குறை சொல்ல நான் யார்? அவருடைய மகனைக் கடைசியாகப் பார்த்தவர்களும் சீருடை போட்டவர்கள்தான்.

எங்களை ஒரு பக்க வாசலால் விமானத்துக்குக் கிட்டவே கூட்டிப்போனார்கள். பயணிகள் யாரும் இறங்கவில்லை. வட்ட யன்னல்களில் முகங்கள் தெரிந்தன. பெட்டியின் மேல் அமெரிக்கக் கொடி. ஆறு சிப்பாய்கள் அதைத் தூக்கிய விதத்தைத்தான் நான் பார்த்தேன். உள்ளே இருப்பது கொஞ்ச எலும்பு. ஆனால் முழு மனிதனின் பாரத்தைத் தூக்குவதுபோல ஓரடி ஓரடியாக நடந்தார்கள். பயணிகளின் பெட்டிகளை ஏற்றி இறக்கும் தொழிலாளர்கள் ஆரஞ்சு உடுப்போடு வரிசையாக நின்றார்கள். அதில் ஒருவர் எங்கள் ஆள், முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்திருந்தார். அந்த அம்மா பெட்டியின் கொடியில் கையை வைத்து என்னவோ மெதுவாகச் சொன்னார். என்ன சொன்னார் என்று அறிய எனக்கு எவ்வளவு ஆசை! ஆனால் அதைக் கேட்குமளவுக்கு நான் கெட்டவள் இல்லை.

திரும்பும்போது காரில் அவராகவே ஒரு விஷயம் சொன்னார். எலும்புகளைக் கம்பளித் துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்து, அதற்கு மேலே புதிய சீருடை ஒன்றை, ஆள் போட்டுக்கொண்டு படுத்திருப்பதுபோலச் சேர்ட்டு, கோட்டு, காற்சட்டை என்று முழுவதுமாக விரித்து வைப்பார்களாம். பதக்கங்களும் குத்தியிருக்குமாம்.

வீட்டுக்கு வந்து மச்சாளிடம் சொன்னேன். இப்போது அவரால் அக்கறை இல்லாதவர்போல நடிக்க முடியவில்லை.

"என்ன சைஸ் உடுப்பாம்?"

"என்ன?"

"உடுப்பு எண்டால் அளவு வேணும் எல்லே. மெலிஞ்சவனோ, மொத்தமானவனோ, கை நீளமோ? அளவு ஆர் குடுத்தது?"

இந்தக் கேள்வி எனக்கு ஏன் வரவில்லை? ஊரிலுள்ள விடுப்பெல்லாம் கேட்கிற எனக்கு இது வரவில்லை. போன் எடுத்துக் கேட்டேன். சேர்ந்த அன்று எழுதிவைத்த உயரமும் நெஞ்சளவும் இருந்ததாம், அதன்படி தைத்தார்களாம். பத்தொன்பது வயது அளவு.

மச்சாள் உள்ளங்கையால் மேசையைத் தடவிக்கொண்டிருந்தார். "பத்தொன்பதிலை பொடியளுக்கு நெஞ்சு அகலாது. கைதான் முதல் நீளும்" என்றார். பிறகு எழுந்து போய் வெள்ளைச் சேலை ஒன்றை அயர்ன் பண்ணத் தொடங்கினார். நான் ஏன் என்று கேட்கவில்லை.

"நாளைக்கு நானும் வாறன். அந்த மனுசிக்காகத்தான். ஆமிக்காரனுக்காக இல்லை."

மயானத்தில் கார் நிறுத்த இடமில்லை. அந்த அம்மா மிரண்டே போனார். பழைய படைவீரர்கள் சிலர் பதக்கங்களோடு வந்திருந்தார்கள், அவருடைய தேவாலயத்து ஆட்கள் வந்திருந்தார்கள், மற்றவர்கள் எல்லாம் தமிழர்கள். வெள்ளை உடுத்தி, கையைக் கட்டி, செத்தவர் யார் என்று பாதிப் பேருக்குத் தெரியாமல் நின்றார்கள். "ஆருக்கு என்ன முறை?" என்று ஒருவர் என் காதுக்குள் கேட்டார். "அயலட்டை" என்றேன். அது அவருக்குப் போதுமானதாக இருந்தது.

துப்பாக்கி வெடித்து மரியாதை செய்வதா என்று முன்பே கேட்டார்களாம். வேண்டாம், அவன் போதுமான அளவு கேட்டிருப்பான் என்று அந்த அம்மா சொல்லிவிட்டார். இதை நான் மச்சாளுக்குச் சொன்னபோது, "புத்தியுள்ள மனுசி" என்றார். ஊதுகுழல் மட்டும் ஊதினார்கள். கொடியை மடித்தார்கள், முக்கோணமாக, ஒரு சுருக்கமில்லாமல். நெஞ்சு நிறையப் பதக்கம் போட்ட பெரிய அதிகாரி ஒருவர் அதை எடுத்துக்கொண்டு வந்து, கதிரையில் இருந்த அந்த அம்மாவுக்கு முன்னால் ஈர மண்ணில் முழங்காலை ஊன்றினார். முகத்துக்கு நேரே முகம் வைத்து, மெதுவாக, நாட்டின் சார்பில் நன்றி என்று சொன்னார்.

மச்சாள் என் கையைப் பிடித்தார். நகம் இறங்கியது.

"பார். ஆமிக்காரன் முழங்காலிலை நிக்கிறான்."

"ஓம் மச்சாள்."

"ஒரு கிழவிக்கு முன்னாலை."

எனக்கு அழுகை வந்தது. துக்கமா, பொறாமையா என்று எனக்குத் தெரியாது. பொறாமைதான் கூட இருந்தது. எங்கள் பிள்ளைக்காக இந்த உலகத்தில் யார் முழங்காலை மடக்கினார்கள்?

பெட்டி இறங்கிய பிறகு மச்சாள் தலைமாட்டுக் கல்லுக்குக் கிட்டப் போனார். அந்தப் பொடியனின் தாயும் தகப்பனும் பழைய எழுத்தில் இருந்தார்கள். அவர்களுக்குக் கீழே புதிதாக வெட்டிய பெயர் வெள்ளையாக மினுங்கியது. தாய் உயிரோடு இருந்தவரை மகனுடைய பெயரை அந்தக் கல்லில் வெட்ட விடவில்லையாம். வருவான் என்று சொல்லி, அந்த இடத்தை மட்டும் வெறுமையாக விடச் சொன்னாராம். அதை அந்த அம்மா சொல்ல நான் தமிழில் சொன்னேன். மச்சாள் குனிந்து தாயின் பெயரைத்தான் தொட்டார், மகனுடையதை இல்லை.

பிறகு எல்லோரும் அந்த அம்மாவின் வீட்டுக்குப் போனோம். சான்ட்விச்சும் தேநீரும். வந்த தமிழர்கள் ஒவ்வொருவராகச் சொல்லாமல் கொள்ளாமல் நழுவினார்கள். அந்த அம்மாவுக்கு இப்போது பழகிவிட்டது. வாசலைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினார். நாங்களும் எழும்பினோம். நான் வாயைப் பொத்திக்கொண்டு கதவுவரை வந்துவிட்டேன். மச்சாள் வரவில்லை. திரும்பிப் பார்த்தால் அந்த அம்மாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

"போயிட்டு வாறன்" என்றார், நல்ல சத்தமாக.

"ஐயோ மச்சாள், செத்தவீட்டிலை…"

"இது செத்தவீடு இல்லை. செத்தது எப்பவோ. இண்டைக்குப் பிள்ளை வீட்டுக்கு வந்திருக்கு. வந்த வீட்டிலை சொல்லிப்போட்டுத்தான் போகவேணும். அவவுக்குச் சொல்லு."

சொன்னேன். அந்த அம்மா மச்சாளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

பனி தொடங்கிய பிறகு ஒருநாள் பிரீசருக்குள் மீன் தேடினேன். எங்கள் பிரீசரைப் பற்றிச் சொல்லவேண்டும். ஊரிலிருந்து வந்த ஒடியல் மா, கருவாடு, கறிவேப்பிலை எல்லாம் அதற்குள்தான். எதுவும் பழுதாகக்கூடாது என்றால் மச்சாள் அதற்குள் வைத்துவிடுவார். கருவாட்டுக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் பை. உள்ளே காது துடைக்கிற பஞ்சுக் குச்சி இரண்டு. இதென்ன கோதாரி என்று குப்பைக் கூடைக்குமேல் நீட்டினேன்.

"வை! உது குப்பை இல்லை!"

அந்த வயதில் அவ்வளவு வேகமாக மச்சாள் ஓடிவந்ததை நான் கண்டதில்லை. பையைப் பறித்து நெஞ்சோடு வைத்துக்கொண்டார். எனக்கு ஒரு நொடியில் எல்லாம் விளங்கிவிட்டது.

"எப்ப எடுத்தனீங்கள்?"

"அந்தப் பொடியனை அடக்கம் செய்த கிழமை. ரெண்டு கன்னத்திலையும் தேய்ச்சனான். அந்த மனுசிக்குச் செய்த மாதிரித்தான்." குரல் இறங்கியது. "அவன் இருக்கிறான். அதிலை எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனா நான் கண்ணை மூடினா, பிறகு ஆரின்ரையை எடுக்கிறது? நீயும் சரிவரமாட்டாய் எண்டுதானே சொன்னவை."

நான் அழுதேன். மச்சாள் அழவில்லை. என் வாய் சும்மா இருக்குமா? பின்னேரமே வேலியில் நின்று பக்கத்து வீட்டு அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அவர் தலையில் கை வைத்தார். பிளாஸ்டிக் கூடவே கூடாதாம், ஈரம் நின்று பழுதாகிவிடுமாம். அவருடையதைக் காற்றில் உலர்த்திக் காகித உறைக்குள்தான் வைத்தார்களாம். கோட்டைப் போட்டுக்கொண்டு பனியில் நடந்து எங்கள் வீட்டுக்கு வந்தார். கையில் புதிய பஞ்சுக் குச்சிப் பெட்டியும் வெள்ளைக் கடித உறையும்.

மச்சாளுக்கு அரைமணி நேரம் தேநீர் கொடுக்கவில்லை. வாயைக் கழுவ வைத்தோம். பிறகு பல் டொக்டரிடம் இருப்பதுபோல மச்சாள் வாயைத் திறந்துகொண்டு மேசைக்கு முன்னால் இருந்தார். அந்த அம்மா கையுறை போட்டு, இடது கன்னத்துக்கு ஒன்று, வலது கன்னத்துக்கு ஒன்று என்று நிதானமாகத் தேய்த்தார். இரண்டு குச்சிகளையும் ஒரு டம்ளரில் நிமிர்த்தி வைத்தார். இவரும் வந்து சேர்ந்துகொள்ள, நாங்கள் நால்வரும் பூசைக்கு முன்னால் இருப்பவர்கள்போல அது காயும்வரை டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

காய்ந்ததும் உறைக்குள் வைத்து ஒட்டினார். பேனையை எடுத்து, உறையைத் திருப்பி, "எந்த விலாசத்துக்கு அனுப்பவேண்டும்?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார்.

நான் இவரைப் பார்த்தேன். இவர் நிலத்தைப் பார்த்தார்.

"என்னவாம்?" என்றார் மச்சாள்.

"விலாசம் கேக்கிறா."

மச்சாள் கையை நீட்டி அந்த அம்மாவிடமிருந்து பேனையை வாங்கி, மூடியைப் போட்டு, மேசையில் வைத்தார்.

"இப்ப வெறுமையா இருக்கட்டும் எண்டு சொல்லு. அவவின்ரை தாயும் கல்லிலை இடம் விட்டுத்தானே வைச்சவ." உறையை எடுத்து என் கையில் தந்தார். "இதை நீ வைச்சிரு. நான் இல்லாத காலத்திலை ஆராவது வந்து கேப்பினம். வீட்டிலை ஒண்டும் இல்லையெண்டு மட்டும் சொல்லிப்போடாதை."